மூளைக்குள் வெங்காய வளையங்கள்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் வரும்போதெல்லாம் ஒரு துண்டு மின்கம்பியை வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. "ஆக்சான்தான் இந்தச் செம்புக் கம்பி. மையலின் உறைதான் பிளாஸ்டிக். உறை கிழிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். "ஷாக் அடிக்கும் சார்!" என்று ஒரே குரலில் பதில் வரும். நியூரான் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இருபது ஆண்டுகளாக இப்படித்தான். அந்த உறை உண்மையிலேயே அழிந்தால் ஒரு மனிதருக்கு என்ன நேரும் என்று நான் யோசித்ததே இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "என் பேர் மட்டும் வேண்டாம் சார். மத்ததெல்லாம் எழுதுங்க, யாருக்காவது உதவும்" என்றார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். தேர்வுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணித மதிப்பெண்களைச் சரிபார்த்தபோது 78 என்பது 87 ஆகவும், 36 என்பது 63 ஆகவும் இருந்தன. ஒன்றிரண்டு அல்ல, ஆறு பிள்ளைகளுக்கு. "என்ன டீச்சர், கணக்கு டீச்சரே எண்ணை மாத்திப் போடலாமா?" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஏதோ சொல்ல வந்தார், சொல் கிடைக்கவில்லை. "அந்த... அது..." என்று விரலால் மேசையைக் காட்டினார். அவர் கேட்டது பேனாவை.

அடுத்த சில நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், டீச்சர் போர்டுல எழுதுறது கோணலாப் போகுது. சாக்பீஸ் அடிக்கடி கீழ விழுந்துடுது" என்றாள். வீட்டில் ஏதோ கவலை போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பத்தாம் நாள் காலை அவரால் வலது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. "கட்டியாக இருக்கலாம்" என்றார்கள். மண்டையைத் திறந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டிவரும் என்ற பேச்சும் வந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவருடைய கணவர் என்னை அழைத்தார். "நீங்க சயின்ஸ் சார். அவங்க சொல்றதைக் கேட்டு எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றார். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் உலோகம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டதால், தாலிச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினார்கள். சங்கிலியைக் கைக்குள் மூடியபடி அவர் அந்த நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நரம்பியல் மருத்துவர் கணினித் திரையில் படத்தைக் காட்டினார். மூளையின் இடப்பக்க வெண்மை நிறப் பகுதியில், குறுக்கே வெட்டிய வெங்காயம் போல ஒன்று தெரிந்தது. வெள்ளை வளையம், சாம்பல் வளையம், மறுபடி வெள்ளை, மறுபடி சாம்பல். "இது கட்டி இல்லை. கட்டி இப்படி அடுக்கடுக்காக இருக்காது. ஆபரேஷன் தேவைப்படாது. இது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் குடும்பத்தைச் சேர்ந்த அபூர்வமான நோய். பாலோ என்பவர் பெயரால் வழங்குகிறது" என்றார். அந்தக் கணவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். நம் பாடங்கள் பல இதில் வந்து சேர்கின்றன.

உறையின் வேலை

முதலில் என் மின்கம்பி உவமையைத் திருத்திக்கொள்கிறேன். கம்பியின் உறை கிழிந்தாலும் உள்ளே மின்சாரம் ஓடும். நரம்பில் அப்படி அல்ல. மையலின் உறை தொடர்ச்சியாக இல்லாமல் இடையிடையே ரேன்வீர் கணுக்களோடு அமைந்திருக்கிறது. நரம்புத் தூண்டல் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிச் செல்கிறது. தடித்த மையலின் உறை கொண்ட நரம்பிழையில் அதன் வேகம் நொடிக்கு சுமார் 120 மீட்டர் வரை இருக்கும். உறையே இல்லாத மெல்லிய இழையில் நொடிக்கு 2 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. விரைவு ரயிலுக்கும் நடந்து போகிறவருக்கும் உள்ள வேறுபாடு இது. தாவிச் செல்லப் பழகிய இழையில் உறை அழிந்துபோனால் தூண்டல் தளர்ந்து மெதுவாகிறது, அல்லது வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆக, "ஷாக் அடிக்கும்" என்பது சரியான விடை அல்ல. "செய்தி போய்ச் சேராது" என்பதே சரி.

வகுப்பில் நாம் ஸ்வான் செல்களைச் சொல்கிறோம். அவை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளுக்கு உறை அமைப்பவை. மூளைக்குள் அந்த வேலையைச் செய்பவை ஒலிகோடெண்ட்ரோசைட் என்னும் செல்கள். ஒரு செல் தன் கைகளை நீட்டிப் பல ஆக்சான்களுக்கு உறை சுற்றும். உறையில் கொழுப்பு மிகுதி. வெண்மை நிறப் பகுதி வெண்மையாக இருப்பதற்கு அந்தக் கொழுப்பே காரணம்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்கினால் வருவது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். 1868இல் பாரிஸ் நகரில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக விளக்கினார். உறை அழிந்த இடங்கள் தழும்பேறிக் கடினமாவதால் ஸ்கிளரோசிஸ் என்ற பெயர். 2020இல் உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டார்கள். பாலோ நோய் இதன் மிக அரிய உறவு. மல்டிபிள் ஸ்கிளரோசிஸில் பொதுவாகச் சிறு சிறு திட்டுகள் பல இடங்களில் தோன்றும். பாலோ நோயில் பெரிய திட்டு ஒன்று வளையம் வளையமாக விரியும். அதனால்தான் கட்டி போலவும், பக்கவாதம் போலவும் தோன்றி ஏமாற்றுகிறது.

இறந்தவர்களிடம் மட்டுமே தெரிந்த நோய்

1906இல் ஆட்டோ மார்பர்க் என்பவர் இத்தகைய வளையங்களைக் கண்டு எழுதினார். பின்னர் ஹங்கேரி நாட்டு நோய்க்குறியியல் அறிஞர் யோசெஃப் பாலோ, 1928இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாக விளக்கினார். அவர் விவரித்த நோயாளி 23 வயதுச் சட்டக் கல்லூரி மாணவர். வலப்பக்கம் செயலிழந்து, பேச்சுத் தடுமாறி, பார்வை நரம்பும் பாதிக்கப்பட்டு இறந்தவர். அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது உறை அழிந்த வளையமும் உறை பிழைத்த வளையமும் மாறி மாறித் தெரிந்தன.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பாலோ நோய் வந்தால் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் மரணம் உறுதி என்றே மருத்துவ உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையில் ஒரு பிழை இருந்தது. அறிவியல் ஆசிரியர்களும் கணித ஆசிரியர்களும் அதைக் கவனிக்க வேண்டும். வளையங்களைப் பார்க்க மூளையை வெட்டியாக வேண்டும். ஆகவே இறந்தவர்களிடம் மட்டுமே தேடினார்கள். இறந்தவர்களிடம் மட்டும் தேடியதால், நோய் வந்தவர்கள் எல்லாரும் இறப்பார்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்நோய் வந்து பிழைத்துப் போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. புள்ளியியல் பாடத்தில் மாதிரி எடுப்பது பற்றிப் பேசும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் உயிரோடு இருப்பவர்களின் மூளையிலும் இந்த வளையங்களைக் கண்டார்கள். பலர் பிழைப்பதையும், சிலர் ஏறக்குறைய முழுமையாகத் தேறுவதையும் அப்போதுதான் அறிந்தார்கள். "இது மரண நோயா சார்?" என்று கேட்ட அந்தக் கணவரிடம், "பழைய புத்தகங்கள் அப்படிச் சொல்லும். அவை ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்தவை" என்று என்னால் சொல்ல முடிந்தது.

காந்தம் எப்படிப் பார்க்கிறது?

எம்.ஆர்.ஐ. தேடுவது நீரில் உள்ள ஹைட்ரஜனை. ஹைட்ரஜனின் உட்கருவில் இருக்கும் ஒற்றைப் புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம் போல நடந்துகொள்கிறது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள கருவியின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. இது புவியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. அவ்வளவு வலிய புலத்தில் புரோட்டான்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாகப் புலத்தின் திசையில் அணிவகுக்கும். அப்போது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால் அணி குலையும். நம் பண்பலை வானொலி 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, இது அதற்குச் சற்றுக் கீழே. அலையை நிறுத்தியதும் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் மெல்லிய சைகையைக் கருவி கேட்டுப் படமாக்குகிறது. எக்ஸ் கதிர் இல்லை, வெட்டும் இல்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் மாறும் காந்தப்புலமும் ரேடியோ அலையும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடேற்றலாம், படத்தையும் கெடுக்கலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னதன் காரணம் இந்த மின்காந்தத் தூண்டல்தான்.

பால் லாட்டர்பர் இந்த முறையில் முதல் படங்களை 1973இல் வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளின் மூளைத் திட்டுகளை இக்கருவியால் காட்டினார்கள்.

நல்ல உறைக்கும் அழிந்த உறைக்கும் படத்தில் வேறுபாடு எப்படி வருகிறது? அடுக்கடுக்கான கொழுப்புப் படலங்களுக்கு இடையே நீர் ஒடுங்கி இருக்கும். உறை அழிந்தால் அந்த இடத்தில் தளையில்லாத நீர் கூடுகிறது. ஒடுங்கிய நீரின் சைகை விரைவில் மங்கும், தளையில்லாத நீரின் சைகை நீண்ட நேரம் நிற்கும். டி2 எனப்படும் படவகை இந்த வேறுபாட்டைப் பிடிக்கிறது. உறை அழிந்த வளையம் பளிச்சென வெள்ளையாகவும், பிழைத்த வளையம் சாம்பலாகவும் தெரிவது இதனால்தான்.

அடுத்து கடோலினியம் என்னும் உலோகத்தின் சேர்மத்தைச் சிரை வழியாகச் செலுத்தி மறுபடி படம் எடுத்தார்கள். அது சாதாரணமாக இரத்தத்திலிருந்து மூளைத் திசுவுக்குள் போகாது. அழற்சியால் இரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்த இடத்தில் மட்டும் கசியும். எங்கள் ஆசிரியையின் படத்தில் வெளி வளையம் மட்டும் ஒளிர்ந்தது. "நோய் இப்போது இங்கே நிற்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் அது கடந்துவந்த வழி" என்றார் மருத்துவர். மரத்தின் ஆண்டு வளையம் போல, நடுவில் பழையது, விளிம்பில் புதியது. ஒரே படத்தில் காலமும் தெரிந்தது.

ஏன் வளையமாக?

வேதியியலில் லீசகாங் வளையம் என்று ஒன்று உண்டு. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் படலத்தில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால், வீழ்படிவு எங்கும் ஒரே சீராகப் பரவாமல் இடைவெளி விட்டு வளையங்களாகப் படியும். 1896இல் ரஃபேல் லீசகாங் இதை விவரித்தார். டைகுரோமேட் நச்சு என்பதால் பிள்ளைகளிடம் படமாகக் காட்டினால் போதும். மூளை வளையங்களும் இதுபோன்ற பரவலால் வரலாம் என்று 1930களிலேயே சிலர் கருதினார்கள்.

2005இல் கிறிஸ்டீன் ஸ்டாடெல்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கம் தருகிறது. அழிவு விளிம்பை அடுத்த திசுவில் ஆக்சிஜன் பயன்பாடு தடைபடுகிறது. அந்தத் தட்டுப்பாடு கொல்லும் அளவுக்குப் போகாதபோது, அங்குள்ள செல்கள் தற்காப்புப் புரதங்களை உருவாக்கிக்கொள்கின்றன. அழிவு அலை வந்து சேரும்போது அந்த வளையம் தாக்குப்பிடிக்கிறது. முன்கூட்டித் தயாராகாத அடுத்த வளையம் அழிகிறது. அதன் விளிம்பில் மீண்டும் ஒரு வளையம் தயாராகிறது. சாம்பல் வளையங்கள் அப்படித் தப்பித்தவை என்பது இந்த விளக்கம்.

ஆசிரியர் கண்ணில் படக்கூடியவை

நோயின் பெயர் தெரிந்ததும் சிகிச்சை தொடங்கியது. மெத்தில் பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை ஐந்து நாட்கள் சிரை வழியாக ஏற்றினார்கள். போதிய பலன் இல்லாததால் இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் சிகிச்சையும் நடந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் திட்டு சுருங்கியிருந்தது, விளிம்பு ஒளிரவில்லை. பேச்சு திரும்பியது. வலது கையில் கொஞ்சம் பலவீனம் மிச்சம்.

பாலோ நோய் பெரும்பாலும் இளம் வயதினருக்கும் நடுவயதினருக்கும் வருவது. குழந்தைகளிடம் மிக அரிது. ஆனால் உறையைத் தாக்கும் வேறு நோய்கள் பள்ளி வயதில் வருவதுண்டு. சில சமயம் காய்ச்சல் வந்துபோன பிறகும் வரலாம். நாம் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாற்றத்தைக் கவனித்தால் போதும்.

சில நாட்களில் ஒரு கண்ணில் பார்வை மங்குவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, சிவப்பு நிறம் வெளிறித் தெரிவதாகச் சொல்வது. நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து திடீரென்று குலைவது. நடையில் தடுமாற்றம், கையிலிருந்து பொருள் நழுவுவது. தெரிந்த சொல் வாயில் வராமல் திணறுவது. கை கால் மரத்துப்போவதாகச் சொல்வது. இவற்றுக்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும், பல சமயம் கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் சில நாட்களுக்குள் தோன்றி வளரும் மாற்றம் என்றால் காத்திருக்கக் கூடாது. பெற்றோரை அழைத்து, எந்தத் தேதியில் எதைக் கவனித்தோம் என்று எழுதிக் கொடுத்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் செயலிழப்பது ஆகியவை சில நிமிடங்களில் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸும் ஒன்று. பாதிக்கப்பட்ட மாணவருக்கோ சக ஆசிரியருக்கோ உரிய சலுகைகளைக் கேட்டுப் பெற நாம் துணை நிற்கலாம்.

இன்னொன்றும் உண்டு. உறை பாதித்த நரம்பில் உடல் சூடேறினால் செய்தி கடத்தல் மேலும் தளரும். வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் இதைக் கவனித்து எழுதினார். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். எங்கள் ஆசிரியை பணிக்குத் திரும்பியபோது காலையில் நன்றாக எழுதுவார், ஏப்ரல் மாத மதியத்தில் கை தளர்ந்துவிடும். காரணம் தெரியாவிட்டால் சோம்பல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலைமை ஆசிரியரிடம் விளக்கிச் சொன்னேன். அவருடைய பாடவேளைகளை முற்பகலுக்கு மாற்றி, வகுப்புகளைத் தரைத் தளத்துக்குக் கொண்டுவந்தோம். செலவு எதுவும் இல்லை.

ஒருநாள் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது அந்த மதிப்பெண் பதிவேட்டுப் பேச்சுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னப்பதான் சார் எண் மாறுதுன்னு எனக்கே தெரிஞ்சது. சொன்னது தப்பில்ல. ஏன் மாறுதுன்னு யாராவது கேட்டிருக்கலாம்" என்றார்.

இந்த ஆண்டு நரம்பு மண்டலம் பாடத்துக்கு மின்கம்பி எடுத்துப் போகவில்லை. ஒரு பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி எடுத்துப் போனேன். பாடம் முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வகுப்பில் கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரே மையத்தில் இரண்டு வட்டங்கள், கோடு லேசாக நடுங்கியிருந்தது. "வெளி வட்டத்தோட பரப்புல இருந்து உள் வட்டத்தோட பரப்பைக் கழிச்சா என்ன மிச்சம்?" என்று அவர் கேட்டார். பிள்ளைகள் பதில் சொன்னார்கள்: "வளையம், டீச்சர்!"